தீக்கு மேல் எழும் மேகத்தை நம்பி நிற்காதீர்கள்

மறுபடியும் அதே மாதிரி வீடியோ. காடு எரிகிறது, புகைக்கு மேலே வெள்ளை வெளேரென்று மேகம் திரள்கிறது, படம் பிடிப்பவர் நிம்மதியாகச் சொல்கிறார்: "மேகம் கூடிடுச்சு, இனி மழையே அணைச்சிடும்." காட்டுத்தீயின் மேல் கண்காணிப்பு விமானம் ஓட்டுகிறவன் நான். அந்த மேகம் வளரத் தொடங்கினால் நாங்களே விலகிப் பறப்போம்.

மேலிருந்து பார்த்தால் எல்லை தெளிவாகத் தெரியும். கீழே பழுப்பும் சாம்பலுமாகப் புகைத்தூண். ஓர் உயரத்தில் அதன் தலையில் காலிஃப்ளவர் போல வெள்ளை முளைக்கும். மேலேறிய சூடான காற்று குளிர்ந்து, நீராவி துளியாகும் இடம் அது. அந்த ஈரத்தில் பெரும்பகுதி சுற்றியுள்ள காற்றிலிருந்தே வருகிறது.

சரி, மேகம்தானே, ஏன் மழை பெய்யாது? புகையில் நுண்துகள்கள் ஏராளம். இருக்கிற ஈரத்தை அத்தனையும் பங்கு போட்டுக்கொள்வதால் துளிகள் மிகச் சிறியதாகவே நின்றுவிடும். சேர்ந்து கனத்தால்தானே விழும்? (விமான ரேடாரிலும் இவை மங்கலாகத்தான் தெரியும். ரேடாரை மட்டும் நம்பும் இளம் விமானிகள் கவனிக்க.) அபூர்வமாக நல்ல மழை பெய்ததும் உண்டு. ஆனால் பெரும்பாலும் விழுகிற கொஞ்சமும் கீழுள்ள வறண்ட காற்றில் பாதி வழியிலேயே ஆவியாகிவிடும். அப்போது காற்று குளிர்ந்து, கனத்து, கீழ்நோக்கிப் பாய்ந்து, தரையில் மோதி நாலா பக்கமும் அடிக்கும். அதுவரை வேறு திசையில் போய்க்கொண்டிருந்த தீ உங்கள் பக்கம் திரும்பலாம்.

இன்னும் வளர்ந்தால் அது பைரோகுமுலோநிம்பஸ், தீ உண்டாக்கிய இடிமேகம். 2009 பிப்ரவரி 7 அன்று ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் 173 பேரைப் பலிகொண்ட தீயில், இத்தகைய மேகத்தின் மின்னல் வெகுதூரம் தள்ளிப் புதிய தீயை மூட்டியது. 2003 கான்பெரா தீயில் சுழற்காற்றே உருவானது.

ஆகவே புகையின் தலையில் வெள்ளை மேகம் வளர்ந்தால், உத்தரவுக்குக் காத்திருக்காமல் கிளம்புங்கள். காற்று சட்டென்று ஓய்ந்து நாலு துளி விழுந்தால் சந்தோஷப்படாதீர்கள், கீழ்ப்பாய்ச்சல் வரப்போகிறது என்று அர்த்தமாக இருக்கலாம். தீப்பொறி முன்னாலேயே பறந்து வரும், கார் கண்ணாடியை ஏற்றிவையுங்கள்.

அப்புறம், தயவுசெய்து ட்ரோன் வேண்டாம். ஒன்று கண்ணில் பட்டாலும் தண்ணீர் கொட்டும் விமானங்களை நிறுத்தவேண்டியதாகிவிடும். மேகம் அழகுதான், ஒப்புக்கொள்கிறேன். படம் வேண்டுமென்றால் எங்களிடம் நிறைய இருக்கிறது, கேளுங்கள், தருகிறோம்.