லத்தீன் பாப்புல லத்தீன் எங்கய்யா இருக்கு?

போன வாரம் பஸ்ல போய்ட்டு இருந்தப்போ எஃப்எம்ல ஒரு அம்மணி "அடுத்து வருவது இரண்டாயிரங்களைக் கலக்கிய இலத்தீன் மொழிப் பாடல்"னு சொல்லிட்டு ரிக்கி மார்ட்டினோட 'லிவின் லா விடா லோகா' போட்டாங்க. அது 1999 பாட்டு, சரி போகட்டும். அந்தப் பாட்டு முழுக்க இங்கிலீஷ், பல்லவில வர்ற 'லா விடா லோகா' மட்டும் ஸ்பானிஷ். இதுல இலத்தீன் மொழி எங்கருந்து வந்துச்சு? ஒருத்தர் சொன்னா வாய் தவறிடுச்சுனு விட்றலாம், ஆனா ஷகிராவ "இலத்தீன் மொழிப் பாடகி"னு எழுதறது, என்ரிக்கே இக்லேசியாஸ் "இலத்தீனில் பாடிப் புகழ்பெற்றார்"னு எழுதறதுனு இதயே நான் ஒரு இருபது தடவையாவது பாத்துட்டேன், அதான் இன்னைக்கு உக்காந்து எழுதறேன். இந்த மாதிரி பாட்டுக்கு இங்கிலீஷ்ல 'லத்தீன் பாப்'னு பேரு, அதத்தான் நம்மாளுங்க 'இலத்தீன் மொழி' ஆக்கிட்டாங்க.

சொல்லோட கதை சுருக்கமா. ரோம் நகரத்தச் சுத்தி இருக்குற லாட்டியம்ங்கற பகுதி, அங்க பேசுன மொழி லத்தீன். ரோமப் பேரரசு பரவுன பல எடத்துல அது உருமாறி ஸ்பானிஷ், போர்ச்சுகீஸ், பிரெஞ்சு, இத்தாலியன்னு ஆச்சு. அப்பறம் 1850கள்ல இந்த மொழிக்காரங்க ஆண்ட அமெரிக்கப் பகுதிகள, இங்கிலீஷ்காரங்க அமெரிக்காவுலருந்து பிரிச்சுக் காட்ட 'லத்தீன் அமெரிக்கா'னு சொல்ல ஆரம்பிச்சாங்க. பிரான்ஸ ஆண்ட மூணாம் நெப்போலியனுக்கு மெக்சிகோ மேல ஒரு கண்ணு, அதனால 'நாமெல்லாம் ஒரே லத்தீன் இனம்'ங்கற பேச்சு பிரான்சுக்கு ரொம்ப வசதியா போச்சு. அந்தப் பேரு நிலைச்சிடுச்சு, பின்னாடி அமெரிக்காக்காரன் 'அமெரிக்கா'வ வெட்டிட்டு வெறும் 'லத்தீன்'னு ஆக்கிட்டான். அவ்ளோதான். மொழியோட பேரு கண்டத்துக்குப் போய், கண்டத்துலருந்து இசைக்கு வந்துச்சு.

இதுல நம்மாளு குழம்பவே வேண்டியதில்ல. கன்னியாகுமரிப் பக்கம் லத்தீன் கத்தோலிக்கர்னு சொல்றாங்களே, அவங்க வீட்ல லத்தீனா பேசறாங்க? அது வழிபாட்டு முறைய வச்சு வந்த பேரு. பூசையே தமிழ்ல நடக்குது. அங்க ஒழுங்கா புரியுது, ஷகிரான்னு வந்தா மட்டும் 'மொழி' ஒட்டிக்குது.

சரி, மொழி இல்லன்னா என்னன்னு சொல்றது? இங்கதான் எனக்கு இன்னும் கடுப்பு. 'தென்னமெரிக்கப் பாடல்கள்'னு ஒரு கூட்டம் எழுதுது, தப்பத் திருத்தறோம்னு நெனச்சுக்கிட்டு. ஒவ்வொருத்தரா எடுத்துப் பாருங்க. ரிக்கி மார்ட்டின் புவேர்ட்டோ ரிக்கோ, அது கரீபியத் தீவு, அமெரிக்காவோட ஆட்சிப்பகுதி. ஜெனிபர் லோபஸ் நியூயார்க்ல பிராங்ஸ்ல பிறந்தவங்க. மார்க் ஆண்டனியும் நியூயார்க். கார்லோஸ் சந்தானா மெக்சிகோ, அது வட அமெரிக்கா. என்ரிக்கே பிறந்தது மாட்ரிட், அது ஐரோப்பா! 'மக்கரேனா' பாடுன ரெண்டு பெரியவங்க ஸ்பெயின், 2002ல 'அசெரெஹே' பாடுன லாஸ் கெட்சப் பொண்ணுங்களும் ஸ்பெயின்தான். இந்தப் பட்டியல்ல தென்னமெரிக்கானு சொல்ல கொலம்பியாவோட பாராங்கியாவுல பிறந்த ஷகிரா மட்டும்தான் மிச்சம், அவங்க அப்பா வழில லெபனான் வேற. ஒரே ஒரு ஆள வச்சு முழு அலைக்கும் பேரா? 1999ல அமெரிக்கப் பாட்டுத் தரவரிசைல மே மாசம் ரிக்கி முதலிடம், ஜூன்ல ஜெனிபர் லோபஸ், செப்டம்பர்ல என்ரிக்கேவோட 'பைலாமோஸ்', அக்டோபர்லருந்து சந்தானாவோட 'ஸ்மூத்' 12 வாரம் அசையவே இல்ல. இவங்கள்ல ஒருத்தர் கூட தென்னமெரிக்கா கிடையாது.

'ஸ்பானியப் பாடல்கள்'னா? கொஞ்சம் பரவால்ல, ஆனா நான் மேல சொன்ன முதலிடப் பாட்டு நாலும் முழுசாவோ பெரும்பகுதியோ இங்கிலீஷ். பிரேசில்காரங்களுக்கு போர்ச்சுகீஸ். லத்தீன் கிராமி விருது 2000ல ஆரம்பிச்சப்பவே ஸ்பானிஷ், போர்ச்சுகீஸ் ரெண்டையும் சேத்துதான் ஆரம்பிச்சாங்க.

அப்பறம் தனித்தமிழ் அன்பர்கள். 'லத்தீன் பாப்'புக்கு அவங்க வச்ச பேரு 'இலத்தீனியப் பரப்பிசை'. ல சொல்லுக்கு முதல்ல வராதுனு தொல்காப்பியம் சொல்லுது, ஒத்துக்கறேன், இ போட்டுக்குங்க, அதே நியாயத்துல ரிக்கியையும் இரிக்கின்னு எழுதுவீங்களா? எழுத மாட்டீங்க. அதவிட அந்த 'இய'தான் வம்பு, அது படிக்கிறவன நேரா ரோமாபுரிக்குக் கூட்டிட்டுப் போய்டுது. அந்தக்கால ரோமப் பேச்சாளர் சிசரோ மைக் புடிச்சு ஆடற மாதிரி தோணுது எனக்கு. பரப்பிசைனா யாரு எதப் பரப்பறானும் புரியல. பாப்ப துள்ளிசைனு சொல்றவங்க இருக்காங்க, அது காதுக்கு நல்லாருக்கு, ஆனா என்ரிக்கேவோட 'ஹீரோ' எங்க துள்ளுது, அது அழுவாச்சிப் பாட்டு.

என் ஓட்டு 'லத்தீன் பாணி பாப்'. பாணின்ற சொல் நம்ம சங்கீதத்துலயே இருக்கு. கர்நாடக சங்கீதப் பாடகர் ஜி.என்.பி.யோட பாணினு சொன்னா ஜி.என்.பி.யே பாடுனதுனு யாரும் நெனக்கறதில்ல, அந்த மாதிரி பாடறதுனு புரியுது. இங்கயும் அதேதான், காங்கா, டிம்பாலேங்கற மேளங்களோட தாளம், நடுவுல வெட்டி வெட்டி வர்ற டிரம்பெட், சல்சா, மாம்போ, மெரெங்கே, கும்பியான்னு ஆட்டத்துக்குனே பிறந்த நடை, இதுதான் அந்தப் பேருக்கு அடையாளம், பாஷையோ பாஸ்போர்ட்டோ இல்ல. 1999ல 'மாம்போ நம்பர் 5' போட்ட லூ பேகா ம்யூனிக்ல பிறந்த ஜெர்மன்காரர், அப்பா உகாண்டா, அம்மா இத்தாலி, பாடுனது இங்கிலீஷ், ஆனா அடில ஓடறது கியூபாக்காரர் பெரேஸ் பிராடோ போட்ட பழைய மெட்டு. இவர மொழி, நாடு எதுல வச்சும் அடக்க முடியாது, பாணில அடக்கிடலாம்.

மொழிபெயர்க்கறவங்க பண்ற கூத்து தனி. 'லா விடா லோகா'க்கு ஒருத்தர் "லோகா என்றால் லோகம், அதாவது உலக வாழ்க்கை"னு எழுதியிருந்தாரு, நான் காபிய துப்பிட்டேன். லோகான்னா கிறுக்கு. கிறுக்குப் பொழப்பு, அவ்ளோதான், சம்ஸ்கிருதத்த அங்க இழுக்காதீங்க. 'அசெரெஹே'க்கு இன்னொருத்தர் அர்த்தம் தேடி அலைஞ்சு, அது பழைய இலத்தீன் மந்திரமா இருக்கலாம்னு முடிச்சாரு. அய்யா, அந்தப் பாட்டோட கதையே டியேகோன்னு ஒருத்தன் தனக்குப் புடிச்ச பாட்ட வாய்க்கு வந்தபடி பாடறதுதான். 'ராப்பர்ஸ் டிலைட்'ங்கற 1979 இங்கிலீஷ் ராப் பாட்டு ஸ்பானிஷ் காதுல எப்படி விழுமோ அதான் அந்தப் பல்லவி. எந்த மொழியுமே இல்ல அது, நம்ம ஊர்ல சின்னப்புள்ளைங்க இங்கிலீஷ் பாட்ட உளறற மாதிரி.

'பைலாமோஸ்' ஒண்ணுதான் நமக்கு நெஜமாவே சொந்தம். 'ஆடுறோம்'னு அர்த்தம், கேள்வியா கேட்டா 'ஆடலாமா?', வேர் 'பைலார்', ஆடறது. போர்ச்சுகீஸ்லயும் அதே சொல், அது கப்பலேறி இலங்கைக்கு வந்து பைலா ஆச்சு. சிலோன் மனோகர் 'சுராங்கனி' பாடுனப்போ கூட ஆடுன நம்ம தாத்தா பாட்டி யாரும் அத இலத்தீன் மொழிப் பாடல்னு சொல்லல.