வானிலிருந்து தேடும் வரப்புகள்

சிங்கப்பூரின் பொத்தோங் பாசிரில் இன்று வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்குகள் நிற்கும் இடத்தில் ஒரு காலத்தில் காய்கறித் தோட்டங்களும் குளங்களும் இருந்தன. ஒருவருடைய தோட்டம் எங்கே முடிந்தது, அடுத்தவருடையது எங்கே தொடங்கியது என்று இப்போது கண்டுபிடிக்க முடியுமா? பெருமளவு முடியும். அதற்கு மண்வெட்டி தேவையில்லை, பழைய விமானப் படங்கள் போதும்.

இந்தக் கலை வளர்ந்தது பிரிட்டனில். முதல் உலகப் போரில் விமானத்திலிருந்து வேவு பார்த்த ஓ.ஜி.எஸ். கிராஃபோர்டு, 1920களில் விமானப்படைப் படங்களை வைத்துத் தென் இங்கிலாந்தின் ஆதிகால வயல் எல்லைகளை அடையாளம் கண்டார். அங்கே துப்புக் கொடுப்பது மண். பழைய எல்லைப் பள்ளம் தூர்ந்துபோனாலும் அதை நிரப்பிய மண் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். வறட்சியில் சுற்றிலும் பார்லி மஞ்சளடிக்கும்போது பள்ளத்தின்மேல் உள்ள பயிர் மட்டும் பச்சையாக, சற்று உயரமாக நிற்கும். புதைந்த கல்சுவரின் மேலே நேர் எதிர்: வேர் இறங்க இடமில்லாமல் பயிர் முதலில் காயும். வயலில் நிற்பவருக்கு அது வெறும் திட்டு. மேலேயிருந்து பார்த்தால் கோடு. 2018 கோடை வறட்சியில் இப்படிப் பல பழைய பண்ணைகளின் வடிவங்கள் அங்கே வெளிப்பட்டன.

சிங்கப்பூரில் அந்த வழி அநேகமாக எடுபடாது. ஆண்டு முழுவதும் மழை. 2014 பிப்ரவரி போல புல்வெளிகள் காய்ந்து பழுப்பாவது அபூர்வம். அதைவிடப் பெரிய தடை, குன்றுகளை வெட்டிப் பள்ளங்களை நிரப்பித்தான் நம் நகரங்கள் பல எழுந்தன. பழைய மேல்மண்ணே அங்கு இல்லை. பிரிட்டனில் ஒரு படம் தொலைந்தால் அடுத்த வறட்சிக்குக் காத்திருக்கலாம். இங்கே படம் போனால் எல்லையும் போனது. அதனால்தான் பிரிட்டிஷ் விமானப்படை 1940களிலிருந்து எடுத்து, இன்று தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கும் படங்களை நான் பெரிய சொத்தாக நினைக்கிறேன்.

சரி, அவற்றை எப்படிப் படிப்பது? முதலில் நிழல் நம்மை நோக்கி விழும்படி படத்தைத் திருப்பி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் மூளை ஏமாந்துவிடும்: குளம் மேடாகவும் மேடு குளமாகவும் தெரியும். அடுத்தடுத்த படங்கள் ஏறக்குறைய 60 விழுக்காடு ஒன்றன்மேல் ஒன்று படியும்படி எடுக்கப்படுவது வழக்கம். இரண்டையும் பக்கத்தில் வைத்து, இடக்கண்ணுக்கு ஒன்று, வலக்கண்ணுக்கு ஒன்று என ஸ்டீரியோஸ்கோப்பில் பார்த்தால் தரை எழுந்து நிற்கும். மேடும் வாய்க்காலும் உயரத்தோடு தெரியும்.

அப்புறம் நிறம். கறுப்பு வெள்ளைப் படத்தில், ஆட்கள் நடந்து இறுகிக் காய்ந்த ஒற்றையடிப் பாதை வெள்ளைக் கோடு. தண்ணீர் நிற்கும் வாய்க்கால் பெரும்பாலும் கறுப்பு. வெயில் நேராகப் பட்டுத் திரும்பினால் மட்டும் பளிச்சென்று மின்னும். காய்கறிப் பாத்திகள் சீப்புப் பற்களைப் போல நெருங்கி நிற்கும். ஒரு தொகுதிப் பாத்திகள் ஒரு திசையிலும், பக்கத்துத் தொகுதி வேறு திசையிலும் ஓடினால், இரண்டும் சந்திக்கும் இடத்தில் பெரும்பாலும் ஓர் எல்லை இருக்கும். அங்கே வேலி இருந்ததா என்பது படத்தில் தெரியாமல் போகலாம், ஆனால் உழைத்த கைகள் அங்கே மாறியிருக்கலாம் என்பது தெரிகிறது. எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த இடம் இதுதான். நில அளவையாளர் போட்ட எல்லை மேடு பள்ளம் பாராமல் நேராகப் போகும்; விவசாயி போட்டது ஓடையோடு வளையும். பட்டாவில் இல்லாத அந்த வளைவு படத்தில் மட்டுமே கிடைக்கும்.

கண்ட கோடெல்லாம் எல்லை அல்ல. குழாய் பதித்த தடமும் லாரி போன தடமும் அதே மாதிரி இருக்கும். வேறோர் ஆண்டின் படத்திலும் பழைய வரைபடத்திலும் அதே கோடு வந்தால்தான் நம்பலாம்.

பால்மரக் காடுகளின் கதை வேறு. கைவிடப்பட்ட ரப்பர் தோட்டங்கள் காடாகிவிட்ட இடங்களில் மண் அவ்வளவாகப் புரட்டப்படவில்லை. அங்கே லைடார் கைகொடுக்கும். விமானத்திலிருந்து நொடிக்கு லட்சக்கணக்கான லேசர் துடிப்புகளை அனுப்பினால் சில இலைகளுக்கிடையே புகுந்து தரையைத் தொட்டுத் திரும்பும். அவை திரும்ப எடுத்த நேரத்திலிருந்து தூரம் கிடைக்கும். மரங்களைக் கணினியில் நீக்கிவிட்டால் பழைய வடிகால்களும் படித்தளங்களும் மிஞ்சும்.

கடைசி வேலை, பழைய படத்தை இன்றைய வரைபடத்தின்மேல் பொருத்துவது. இரண்டிலும் உள்ள பழைய கட்டடம், சாலைச் சந்திப்பு போன்ற மாறாத புள்ளிகளைப் பிடித்துப் படத்தை இழுத்து நேராக்க வேண்டும். 1:10,000 அளவுள்ள படத்தில் 1 மில்லிமீட்டர் என்பது தரையில் 10 மீட்டர். கை சற்றுப் பிசகினால் பாத்தி பக்கத்துப் புளோக்கின் கீழ்த்தளத்துக்குப் போய்விடும். அதனால் கவனமுள்ளவர்கள் மெல்லிய கோட்டுக்குப் பதிலாக, பிழையின் அகலத்துக்கு ஒரு பட்டையையே வரைகிறார்கள்.