அழித்து நிறுவினால் அந்நியர்: சர்வரில் ஓடும் பியர்-டு-பியர் கணுவின் கதை

வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "வாடகை சர்வரில் ஐபிஎஃப்எஸ் நிறுவினேன். நூற்றுக்கணக்கான சகாக்களோடு இணைந்திருப்பதாகக் காட்டுகிறது. ஆனால் நான் ஏற்றிய கோப்பை வேறு கணினியிலிருந்து தேடினால் கிடைக்கவே இல்லை. மூன்று முறை எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி நிறுவியும் பார்த்துவிட்டேன். எங்கே தவறு?"

ஐபிஎஃப்எஸ் என்பது நடுவில் தலைமை சர்வர் இல்லாமல் கணினிகள் தங்களுக்குள் நேரடியாகக் கோப்புகளைப் பகிரும் பியர்-டு-பியர் வலை. அதில் சேரும் ஒவ்வொரு கணினியும் ஒரு கணு, அதோடு இணையும் மற்ற கணுக்கள் அதன் சகாக்கள். தவறு இரண்டு இடத்தில். ஒன்று ஃபயர்வால், அதாவது வேண்டாத இணைப்புகளைத் தடுக்கும் காவல். இன்னொன்று, மூன்று முறை அழித்ததே.

முதலாவது எளிது. சர்வரிலிருந்து வெளியே போகும் இணைப்புகளைப் பெரும்பாலும் யாரும் தடுப்பதில்லை. அதனால் உங்கள் கணு நூறு பேரைத் தேடிப் போய்ப் பேசிவிடும், எண்ணிக்கையும் ஏறும். ஆனால் வெளியிலிருந்து உங்கள் கதவைத் தட்ட 4001 என்ற போர்ட் (இணைப்பு வரும் எண்ணிட்ட வாசல்) திறந்திருக்க வேண்டும், டிசிபி, யுடிபி என்ற இரண்டு வகை இணைப்புக்கும். லினக்ஸில் திறந்துவிட்டு, வாடகை நிறுவனத்தின் கட்டுப்பாட்டுப் பலகையில் தனியாக இருக்கும் இன்னொரு ஃபயர்வாலை மறந்துவிடுபவர்கள் அதிகம். இரண்டையும் பாருங்கள். 5001 போர்ட்டை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் வெளியே திறக்காதீர்கள். அது கணுவுக்குக் கட்டளையிடும் வாசல், அதை எட்டுபவர் கையில் உங்கள் கணு முழுவதும் போய்விடும்.

தொடக்க அமைப்பின்போது 'சர்வர்' என்ற புரொஃபைலை (ஆயத்த அமைப்புத் தொகுப்பை) தேர்ந்தெடுப்பதும் முக்கியம். நான் முதன்முதலில் அதைச் செய்யவில்லை. என் கணு, மற்றவர்கள் அறிவித்திருந்த 10, 192.168 என்று தொடங்கும் உள்வலை முகவரிகளையெல்லாம் எட்டிப் பார்க்க முயன்றது. மறுநாள் காலை வாடகை நிறுவனத்திலிருந்து மின்னஞ்சல்: "உங்கள் சர்வர் எங்கள் வலையமைப்பைத் துழாவுகிறது, நிறுத்தாவிட்டால் துண்டிப்போம்." அந்த ஒரு புரொஃபைல் உள்வலை முகவரிகளை வடிகட்டிவிடும். தனிப் பயனர் கணக்கு, சர்வர் மறுபடி எழுந்தால் கணுவும் தானே எழ ஒரு சிஸ்டம்டி சேவை. நிறுவும் வேலை இவ்வளவுதான்.

இனி இரண்டாவது தவறு. அதைப் புரிந்துகொள்ள, நடுவில் தலைமை சர்வரே இல்லாத வலையில் ஒருவரை ஒருவர் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். 1999இல் வந்த, பாட்டுகளைப் பகிரும் நாப்ஸ்டரில் யாரிடம் என்ன பாட்டு இருக்கிறது என்ற பட்டியல் ஒரே இடத்தில் இருந்தது. அந்த இடத்தை மூடியதும் எல்லாம் நின்றது. அடுத்து வந்த நுடெல்லாவில் பட்டியலே இல்லை. பக்கத்தில் இருப்பவரிடம் கேட்க, அவர் தன் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்க, கேள்விகளாலேயே வலை திணறியது. 2002இல் நியூயார்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெட்டார் மேமுன்கோவ், டேவிட் மசியேர் இருவரும் காடெம்லியா என்ற முறையை வெளியிட்டார்கள். கோப்புப் பகிரும் பிட்டொரன்ட், கிரிப்டோ நாணய வலையான எத்திரியம், ஐபிஎஃப்எஸ் மூன்றிலும் சகாக்களைத் தேடுவது இதன் வழிவந்த முறைகள்தான்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. ஒவ்வொரு கணுவுக்கும் ஒரு மிக நீண்ட எண். ஐபிஎஃப்எஸ்ஸில் அது 256 பிட், அதாவது 0 அல்லது 1 ஆன 256 இலக்கங்கள். ஒவ்வொரு கோப்புக்கும் அதே வகையில் ஓர் எண். ஆளும் பொருளும் ஒரே எண்வெளியில் வந்துவிட்டதால், "இந்தக் கோப்புக்குப் பக்கத்தில் இருக்கும் ஆள் யார்?" என்று கேட்க முடிகிறது. பக்கம் என்றால்? கழித்துப் பார்ப்பதில்லை. எக்ஸ்ஆர் செய்கிறார்கள்: இரண்டு எண்களையும் ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதி, பிட் ஒத்துப்போனால் 0, மாறினால் 1.

நான்கு பிட்டில் பார்ப்போம். 1011, 1001 இரண்டையும் எக்ஸ்ஆர் செய்தால் 0010, அதாவது தூரம் 2. 1011, 0011 என்றால் 1000, தூரம் 8. இரண்டு இடத்திலும் ஒரே ஒரு பிட்தான் மாறியது. ஆனால் முன்னால் இருக்கும் பிட் மாறினால் தூரம் பெருகுகிறது. இன்னும் வியப்பு, 7உம் 8உம். எண்ணும்போது அடுத்தடுத்தவை. இருமத்தில் 0111, 1000. எக்ஸ்ஆர் தூரம் 1111, அதாவது 15. நான்கு பிட்டில் அதைவிடத் தள்ளிப்போக இடமே இல்லை!

வம்சாவளி வரைபடம் போல நினைத்துக்கொள்ளுங்கள். முதல் பிட்டில் பிரிந்தவர்கள் மூதாதையரிடமே கிளை பிரிந்தவர்கள். கடைசி பிட்டில் மட்டும் பிரிந்தவர்கள் உடன்பிறந்தவர்கள். 7உம் 8உம் வரிசையில் பக்கத்தில் நிற்கிறார்கள், உறவில் இல்லை.

ஒவ்வொரு கணுவும் சகாக்களின் முகவரிகளைப் போட்டுவைக்கக் கிளைக்கு ஒரு வாளி வைத்திருக்கிறது. முதல் பிட்டிலேயே பிரிந்தவர்கள் வலையில் பாதிப்பேர், அவர்களில் 20 முகவரி போதும். அடுத்த கிளையில் கால்பங்கு, அங்கும் 20. நெருங்க நெருங்க எல்லோரையும் தெரியும், தூரத்தில் சிலரை மட்டும் தெரியும். யாரையாவது தேடினால் அந்தக் கிளையில் எனக்குத் தெரிந்தவரைக் கேட்பேன், அவர் இன்னும் நெருக்கமானவரைக் காட்டுவார். ஒவ்வொரு படியிலும் மிச்சமுள்ள கூட்டம் குறைந்தது பாதியாகிறது. பத்து லட்சம் கணுக்கள் இருந்தாலும் 20 படிக்குள் ஆள் அகப்படுவார்.

எக்ஸ்ஆர் இருபுறமும் சமம் என்பதில் இன்னொரு அழகு. நான் உங்களுக்கு எவ்வளவு தூரமோ, நீங்களும் எனக்கு அவ்வளவே. ஆகவே என்னிடம் கேள்வியோடு வருபவரின் முகவரியே என் வாளிக்கு உதவுகிறது. காடெம்லியாவுக்கு ஓராண்டு முன்பு வந்த கோர்ட் என்ற முறையில் தூரம் வட்டத்தில் ஒரே திசையில் ஓடும், இந்த வசதி இல்லை. புதிதாக வரும் கணு வலைக்குள் நுழைவதும் இப்படித்தான். மென்பொருளோடு வரும் சில அறிமுக முகவரிகளிடம் போய், தன் எண்ணையே தேடச் சொல்கிறது. தன்னைத் தேடும் வழியில் தன் அக்கம்பக்கத்தை அறிந்துகொள்கிறது, அவர்களும் அதை அறிந்துகொள்கிறார்கள்.

காடெம்லியா ஆய்வு வெளியானபோது அதிலிருந்து இன்ன லாபம் வரும் என்று யாராலும் கணக்குக் காட்டியிருக்க முடியாது. பயனை முதல் நாளே எழுதிக் கொடுத்தால்தான் நிதி என்று சொல்பவர்களோடு எனக்குக் கடும் கருத்து வேறுபாடு உண்டு.

காடெம்லியாவின் மூல வடிவில் வாளி நிறைந்திருக்கும்போது புதியவர் வந்தால், நெடுநாள் பேசாத பழையவரிடம் ஒரு குரல் கொடுக்கும். அவர் பதில் சொன்னால் அவருக்கே இடம், புதியவருக்கு இல்லை. நுடெல்லா வலையை அளந்தவர்களின் தரவு காட்டியது அதைத்தான்: நெடுநேரம் இருந்தவரே இன்னும் ஒரு மணி நேரமும் இருக்க வாய்ப்பு அதிகம். நாள் முழுவதும் விழித்திருக்கும் சர்வருக்கு இந்த வலையில் மதிப்பு கூடுவது இதனால்தான்.

இப்போது வாசகரின் மூன்று அழிப்புகளுக்கு வருவோம். கணு தன்னை அடையாளம் காட்ட இரண்டு சாவிகள் வைத்திருக்கும்: எல்லோருக்கும் காட்டும் பொதுச் சாவி, ரகசியமான தனிச் சாவி. கணுவின் எண் அதன் பொதுச் சாவியிலிருந்து பிறக்கிறது. எல்லாவற்றையும் அழித்து நிறுவினால் புதுச் சாவி, புது எண், வம்சாவளியில் வேறொரு கிளை. "இந்தக் கோப்பு இன்ன எண்ணுடையவரிடம் இருக்கிறது" என்ற குறிப்பு, கோப்புக்கு நெருக்கமான 20 கணுக்களிடம் பழைய எண்ணோடு ஓரிரு நாள் கிடக்கும். தேடி வருபவர் நான்கு எண்களைப் பார்க்கிறார், மூன்று பேர் இப்போது இல்லை. பழைய ஐபி முகவரிக்கே வந்து தட்டினாலும், கைகுலுக்கும்போது சாவி பொருந்தாததால் இணைப்பு முறிகிறது. நான்காவது எண்ணும் மூடிய போர்ட்டுக்குப் பின்னால். வெளியிலிருந்து எட்ட முடியாத கணுவை மற்றவர்கள் வாளியில் சேர்ப்பதும் இல்லை.

எது கெட்டாலும் அழித்து நிறுவு என்பது நம் துறையின் மூடநம்பிக்கை. காரணம் தெரியாமல் செய்யும் பரிகாரம், இங்கே நோயையே வளர்த்தது.

போர்ட்டைத் திறந்துவிட்டு, ஒரு நாள் தொடாமல் ஓடவிடுங்கள். மறுபடி நிறுவியே ஆக வேண்டுமென்றால், பயனர் கோப்புறையில் புள்ளியோடு தொடங்கும் ஐபிஎஃப்எஸ் கோப்புறைக்குள் 'கான்ஃபிக்' என்ற கோப்பு இருக்கும். அதில்தான் தனிச் சாவி இருக்கிறது. அதை முதலில் பத்திரமான இடத்துக்கு நகலெடுங்கள், யாருக்கும் காட்டாதீர்கள், ஒரே சாவியை ஒரே நேரத்தில் இரண்டு சர்வரில் ஓட்டாதீர்கள்.