சிசாட் தாளில் 66 மதிப்பெண்: விதி என்ன சொல்கிறது, வாசிப்பையும் தருக்கத்தையும் எப்படிப் பழகுவது?

யுபிஎஸ்சி நடத்தும் குடிமைப் பணி முதல்நிலைத் தேர்வில் ஒரே நாளில் இரண்டு தாள்கள். காலை 9.30 முதல் 11.30 வரை பொது அறிவுத் தாள். பிற்பகல் 2.30 முதல் 4.30 வரை இரண்டாம் தாள். அதைத்தான் சிசாட் என்கிறோம். இதில் 80 கேள்விகள், கேள்விக்கு 2.5 மதிப்பெண், மொத்தம் 200. குறைந்தது 33 விழுக்காடு, அதாவது 66 மதிப்பெண் எடுக்க வேண்டும். அதற்கு மேல் 67 எடுத்தாலும் 160 எடுத்தாலும் ஒன்றுதான். முதன்மைத் தேர்வுக்கு யாரை அழைப்பது என்பதை முதல் தாளின் மதிப்பெண் மட்டுமே தீர்மானிக்கிறது. ஆனால் சிசாட்டில் 66 வராவிட்டால் முதல் தாளில் எவ்வளவு எடுத்திருந்தாலும் அது கணக்கில் வராது.

முதல் தாளுக்குக் கட்-ஆஃப் பிரிவுக்குப் பிரிவு மாறும். சிசாட்டின் 33 விழுக்காடு எல்லாப் பிரிவினருக்கும் ஒன்றே, தளர்வு கிடையாது. இந்திய வனப் பணிக்கு விண்ணப்பிப்பவர்களுக்கும் இதே முதல்நிலைத் தேர்வுதான், இதே 66தான். இரண்டு தாளையும் எழுதியிருந்தால்தான் விடைத்தாள் மதிப்பிடப்படும். காலைத் தாள் சரியில்லை என்று பிற்பகலில் வீட்டுக்குப் போய்விட்டாலும் ஒரு வாய்ப்பு கழிந்துவிடும்; ஏதாவது ஒரு தாளில் உட்கார்ந்தாலே அது ஒரு முயற்சியாக எண்ணப்படும். பொதுப் பிரிவினருக்கு மொத்தமே ஆறு முயற்சிகள், ஓபிசி பிரிவினருக்கு ஒன்பது.

சிசாட் 2011இல் வந்தது. முதல் சில ஆண்டுகள் இந்தத் தாளின் மதிப்பெண்ணும் முதல் தாளோடு கூட்டப்பட்டது. ஆங்கிலமும் கணக்கும் நன்றாகத் தெரிந்தவர்களுக்கே இது சாதகம் என்று இந்தி வழியிலும் மாநில மொழி வழியிலும் படித்தவர்கள் 2014இல் போராடினார்கள். அந்த ஆண்டு ஆங்கில மொழித்திறனைச் சோதிக்கும் கேள்விகளின் மதிப்பெண் சேர்க்கப்படவில்லை. 2015 முதல் இது தகுதித் தாள் ஆனது. தகுதித் தாள்தானே என்ற அலட்சியம் அப்போதுதான் பிறந்தது. இன்றைக்கும் நன்றாகப் படித்தவர்களை வீழ்த்துவது அந்த அலட்சியமே.

66 என்ற எண்ணைப் பிரித்துப் பாருங்கள்

ஒரு தவறான விடைக்கு அந்தக் கேள்வியின் மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 0.83 கழியும். விடை எழுதாமல் விட்டால் எதுவும் கழியாது. ஒரே கேள்விக்கு இரண்டு வட்டங்களை நிரப்பினால், அவற்றில் ஒன்று சரியாக இருந்தாலும் தவறுதான்.

27 சரி, 1 தவறு என்றால் 66.67, தேர்ச்சி. 27 சரி, 2 தவறு என்றால் 65.83, போச்சு. 40 கேள்வி எழுதினால் 30 சரியாக இருக்க வேண்டும். 50 எழுதினால் 33, 60 எழுதினால் 35. எண்பதையும் எழுதினால் 40 சரியாக இருந்தாக வேண்டும். எழுதும் எண்ணிக்கை கூடக்கூட, சரியாக இருக்க வேண்டிய விழுக்காடு 75இலிருந்து 50க்கு இறங்குகிறது. இதைப் பார்த்து, எல்லாவற்றையும் நிரப்புவதே லாபம் என்று சிலர் நினைக்கிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு நான்கில் ஒன்றை நிரப்பினால் சராசரி வரவு பூஜ்யம். ஒரு விடையை உறுதியாக நீக்க முடிந்தால் கேள்விக்குச் சராசரியாக 0.28 வரும், இரண்டை நீக்க முடிந்தால் 0.83 வரும். ஆகவே இரண்டு விடைக்கு நடுவில் நின்றால் துணிந்து ஒன்றை எழுதுங்கள். நான்கும் ஒன்றுபோலத் தெரிந்தால் விட்டுவிடுங்கள்.

டிஎன்பிஎஸ்சி தேர்வும் எழுதுபவர்கள் இங்கே கவனமாக இருக்க வேண்டும். அங்கே தவறுக்குக் கழிவு இல்லை. தெரியாத கேள்விக்கும் ‘விடை தெரியவில்லை’ என்ற ஐந்தாவது வட்டத்தை நிரப்பியாக வேண்டும். அந்தப் பழக்கத்தில் கை யுபிஎஸ்சி தாளிலும் எல்லா வட்டங்களையும் தேடிப் போகும். இந்தத் தாளில் காலியாக விடுவது உங்கள் உரிமை. மாதிரித் தேர்வுகளிலேயே அதைப் பழகிக்கொள்ளுங்கள்.

பத்தி வாசிப்பு: விடை பத்திக்குள்ளேதான்

அண்மை ஆண்டுகளின் தாள்களில் பத்தி வாசிப்புக் கேள்விகள் சுமார் 27 வருகின்றன. எஞ்சியவை கணக்கு, தருக்கம், தரவு சார்ந்தவை. தாள் இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டுமே அச்சாகிறது. முதன்மைத் தேர்வைத் தமிழில் எழுதலாம். முதல்நிலையில் பத்தியை ஆங்கிலத்தில் படித்தே ஆக வேண்டும். தமிழ்வழியில் படித்தவருக்கு உண்மையான தடை இங்கேதான்.

பத்திகள் நீளமானவை அல்ல. பல பத்திகளுக்கு ஒரு கேள்விதான். ஆனால் கேட்கும் விதத்தில் நுட்பம் உண்டு. மையக்கருத்து எது, பத்தியிலிருந்து பெறக்கூடிய தருக்கப்பூர்வமான முடிவு எது, ஆசிரியர் சொல்லாமல் எடுத்துக்கொண்ட அனுமானம் எது என்று மூன்று வகையாக வரும். மூன்றுக்கும் ஒரே வழியில் விடை தேடுவதால்தான் மதிப்பெண் போகிறது.

பழகுவதற்காக எழுதிய ஒரு பத்தியைப் பார்ப்போம்.

“ஏரிப் பாசனத்தை நம்பியிருந்த பல ஊர்களில், ஆழ்துளைக் கிணறுகள் பெருகிய பின் ஏரியைத் தூர்வாரும் வேலையை ஊரார் கைவிட்டனர். கிணறு ஒருவருக்குச் சொந்தம். ஏரி எல்லோருக்கும் சொந்தம். தண்ணீர் தனித்தனியாகக் கிடைக்கத் தொடங்கியதும், சேர்ந்து செய்ய வேண்டிய வேலைக்கு ஆள் இல்லாமல் போயிற்று. ஏரி தூர்ந்ததும் நிலத்தடியில் நீர் இறங்குவது குறைந்தது; கிணறுகளும் வற்றின.”

இதிலிருந்து பெறக்கூடிய முடிவு எது?
அ) ஆழ்துளைக் கிணறுகளை அரசு தடை செய்ய வேண்டும்.
ஆ) தனியாருக்குச் சொந்தமான நீராதாரமும் பொது நீராதாரத்தின் பராமரிப்பைச் சார்ந்திருக்கக்கூடும்.
இ) ஏரிகள் அழிந்ததற்கு ஆக்கிரமிப்பே முதன்மைக் காரணம்.
ஈ) ஆழ்துளைக் கிணறு வந்த ஊர்களில் எல்லாம் ஏரிகள் தூர்ந்துவிட்டன.

விடை ‘ஆ’. மற்ற மூன்றும் ஏன் தவறு என்று சொல்லத் தெரிவதுதான் பயிற்சி. ‘அ’ ஒரு பரிந்துரை. பத்தி நடந்ததைச் சொல்கிறதே தவிர, என்ன செய்ய வேண்டும் என்று எங்கும் சொல்லவில்லை. ‘இ’ செய்தித்தாள் படிப்பவர்களை இழுக்கும் விடை. ஆக்கிரமிப்பைப் பற்றி நமக்குத் தெரியும், முதல் தாளுக்காகவும் படித்திருப்போம்; ஆனால் பத்தியில் அந்தச் சொல்லே இல்லை. காலையில் பொது அறிவுத் தாள் எழுதிய அதே மூளை, பிற்பகலில் தனக்குத் தெரிந்ததையெல்லாம் பத்திக்குள் கொண்டுவந்து சேர்க்கும். நிறைய படித்தவர்கள் சிசாட் பத்தியில் சறுக்க முக்கியக் காரணம் இதுதான். ‘ஈ’யில் பத்தியின் ‘பல’ என்ற சொல் ‘எல்லாம்’ என்று மாறிவிட்டது. ‘ஆ’வில் ‘கூடும்’ என்று அடக்கமாகச் சொல்லியிருப்பதைக் கவனியுங்கள். ‘ஒன்லி’, ‘ஆல்வேஸ்’, ‘ஆல்’ போன்ற சொற்கள் விடையில் வந்தால், அதே அளவு உறுதி பத்தியில் இருக்கிறதா என்று திரும்பிப் பாருங்கள். ஆனாலும் இதை மட்டுமே விதியாகப் பிடித்துக்கொள்ளாதீர்கள். பத்தியே ‘ஒன்லி’ என்று சொன்னால் விடையும் சொல்லலாம்.

அனுமானக் கேள்விக்கு வேறு சோதனை. ‘இந்த மாவட்டத்தில் நூலகங்களைக் கூட்டினால் படிக்கும் பழக்கம் வளரும்’ என்பது வாதம் என்று வைத்துக்கொள்வோம். ‘மக்கள் படிக்காததற்கு நூல் கிடைக்காததும் ஒரு காரணம்’ என்பது அதன் அனுமானமா? அதைத் தலைகீழாக்குங்கள்: ‘நூல் கிடைக்காதது ஒரு காரணமே அல்ல.’ அப்படியானால் வாதம் விழுந்துவிடுகிறது. ஆகவே அது அனுமானம்தான். ‘நூலகம் கட்ட அரசிடம் நிதி இருக்கிறது’ என்பதைத் தலைகீழாக்கினால்? நிதி இல்லை, ஆனாலும் ‘கூட்டினால் வளரும்’ என்ற வாதம் அப்படியே நிற்கிறது. ஆகவே அது அனுமானம் அல்ல. முடிவைக் கேட்கும் கேள்வியில் இந்தச் சோதனையைப் போடாதீர்கள். அங்கே ‘பத்தி உண்மை என்றால் இதுவும் உண்மையாக இருந்தாக வேண்டுமா’ என்று மட்டும் கேளுங்கள்.

ஆங்கிலத்தில் வேகம் வராதவர்கள் சொற்பட்டியலை மனப்பாடம் செய்வதில் நேரத்தைப் போடுகிறார்கள். அதைவிட உதவுவது இது: தினமும் ஆங்கில நாளிதழ் ஒன்றின் தலையங்கத்தில் இரண்டு பத்திகளை எடுத்து, கடிகாரம் வைத்துப் படியுங்கள். தாளை மூடிவிட்டு, அந்தப் பத்தி என்ன சொல்கிறது என்பதைத் தமிழில் ஒரே வாக்கியமாக எழுதுங்கள். பிறகு திறந்து ஒப்பிடுங்கள். மூன்று வாக்கியம் தேவைப்பட்டால் மையம் பிடிபடவில்லை என்று அர்த்தம். கடினச் சொற்களைவிட ‘அன்லெஸ்’, ‘டிஸ்பைட்’, ‘மியர்லி’, ‘ராதர் தேன்’ போன்ற சின்னச் சொற்களே பொருளைத் திருப்பிவிடுபவை. அவை வரும் இடத்தில் பென்சிலால் கோடு போடுங்கள். பயிற்சிக்கு யுபிஎஸ்சி இணையதளத்தில் இருக்கும் பழைய தாள்களை முதலில் முடியுங்கள். தனியார் மாதிரித் தேர்வுகளில் பல, பத்தியை நீட்டிக் கடினமாக்குகின்றன. யுபிஎஸ்சியின் கடினம் விடைகள் ஒன்றுக்கொன்று நெருங்கி இருப்பதில் இருக்கிறது.

தருக்கமும் கணக்கும்

பாடத்திட்டத்தில் அடிப்படை எண்ணறிவும் தரவு விளக்கமும் பத்தாம் வகுப்புத் தரம் என்றுதான் எழுதியிருக்கிறது. பாடம் அந்தத் தரம்தான், ஆனால் கேள்வி அப்படி நேராக வராது. வகுபடும் தன்மை, மீதி, கடைசி இலக்கம், விழுக்காடு, விகிதம், வேலையும் நேரமும், எளிய வரிசை மாற்றம் ஆகியவற்றை உறுதியாகப் பிடியுங்கள். கணக்கீட்டுக் கருவிக்கு அனுமதி இல்லை.

43 ஏழுகளை ஒன்றோடொன்று பெருக்கினால் வரும் எண்ணின் கடைசி இலக்கம் என்ன? 7, 9, 3, 1 என்று நான்குக்கு ஒருமுறை சுழலும். 43ஐ 4ஆல் வகுத்தால் மீதி 3, ஆகவே மூன்றாவது இலக்கமான 3. சுழற்சி தெரிந்தால் இருபது விநாடி. தெரியாவிட்டால் ஐந்து நிமிடம் போயும் விடை வராது.

தரவு போதுமா என்று கேட்பதில் தவறு வேறு மாதிரி. ‘ஓர் எண் 6ஆல் வகுபடுமா? கூற்று 1: அது 3ஆல் வகுபடும். கூற்று 2: அது 4ஆல் வகுபடும்.’ முதல் கூற்று மட்டும் போதாது. 9 வகுபடாது, 12 வகுபடும். இரண்டாவதைப் பார்க்கும்போது முதலாவதை முழுவதும் மறக்க வேண்டும். மறக்காதவர்கள் ‘இரண்டாம் கூற்று மட்டும் போதும்’ என்று எழுதிவிடுவார்கள். 8ஐப் போட்டுப் பாருங்கள், 4ஆல் வகுபடும், 6ஆல் வகுபடாது. இரண்டும் சேர்ந்தால் எண் 12ஆல் வகுபடும், ஆகவே போதும். எண்ணைக் கண்டுபிடிக்கச் சொல்லவில்லை, போதுமா என்றுதான் கேட்கிறார்கள். கணக்கை முடிவுவரை போட்டு நேரத்தை விடாதீர்கள்.

இருக்கை வரிசை, உறவுமுறை போன்றவற்றைத் தலைக்குள் வைத்துப் போடவே கூடாது. கேள்வித்தாள் ஓரத்தில் கட்டம் போட்டு, உறுதியான தகவலை முதலில் நிரப்பிவிட்டு, ‘அடுத்தடுத்து இல்லை’ போன்ற மறுப்புகளைக் கடைசியில் பொருத்துங்கள்.

இரண்டு மணி நேரத்தை எப்படிச் செலவிடுவது

80 கேள்விக்கு 120 நிமிடம், ஒன்றுக்கு ஒன்றரை நிமிடம். பத்திக் கேள்விக்கு அது போதாது, இரண்டு நிமிடம் ஆகும். ஆகவே 27 கேள்விக்கு 54 நிமிடம். கணக்கில் பலமானவர் முதல் 50 நிமிடத்தைக் கணக்குக்கும் தருக்கத்துக்கும் கொடுக்கலாம். கணக்கு வராதவர்கள் பத்திகளில் மட்டும் தேர்ச்சி பெற்றுவிடலாம் என்று நம்பக் கூடாது: 27ம் சரியாக இருந்தால்தான் 67.5, அது நடக்காது. பத்தியில் 17, தருக்கத்திலும் எளிய கணக்கிலும் 15 என்று சரியான விடைகளுக்கு இலக்கு வையுங்கள். 32 சரி என்றால் 16 தவறு வரை தாங்கும். எந்தக் கேள்வியிலும் மூன்று நிமிடத்துக்கு மேல் நிற்காதீர்கள்.

மாதிரித் தேர்வைப் பிற்பகல் 2.30க்கே எழுதுங்கள், முடிந்தால் காலையில் முதல் தாள் எழுதிய அதே நாளில். மாலையில் ஓய்வாக உட்கார்ந்து எடுத்த 100, அசதியோடு எழுதும்போது 75 ஆகலாம். வீட்டில் தொடர்ந்து 85க்கு மேல் வந்தால்தான் அரங்கில் 66 பத்திரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். திருத்தும்போது மொத்தத்தை மட்டும் பார்க்காமல், ஒவ்வொரு தவறுக்கும் பக்கத்தில் காரணத்தை எழுதுங்கள்: பத்திக்கு வெளியிலிருந்து எடுத்தது, அளவுச்சொல்லைக் கவனிக்காதது, கணக்குப் பிழை, நேரம் போதாதது. நான்கு தாள் முடிவதற்குள் எந்தக் காரணம் திரும்பத் திரும்ப வருகிறது என்பது தெரிந்துவிடும்.

ஓஎம்ஆர் தாளைக் கறுப்புப் பால்பாயிண்ட் பேனாவால்தான் நிரப்ப வேண்டும். நிரப்பியதை மாற்ற முடியாது. கேள்வித்தாள் தொகுப்பின் வரிசை எழுத்தைத் தவறாகக் குறித்தால் விடைத்தாளே நிராகரிக்கப்படலாம், அதைச் சரியாகக் குறிப்பதை முதலில் செய்யுங்கள். கடைசிப் பத்து நிமிடத்தில் மொத்தமாக நிரப்பலாம் என்று வைத்துக்கொண்டால் ஒரு வரிசை தள்ளிப்போகும். பத்துக் கேள்விக்கு ஒருமுறை நிரப்பிவிடுங்கள்.

பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கும், எழுதும் கை பாதிக்கப்பட்ட உடல் இயக்கக் குறைபாடு மற்றும் மூளை முடக்குவாதம் உள்ளவர்களுக்கும் மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரம் உண்டு. சிசாட்டுக்கு 40 நிமிடம். எழுத்தர் வேண்டுமென்றால் விண்ணப்பிக்கும்போதே குறிப்பிட வேண்டும். எழுத்தரோடு பழகுபவர்கள் ஓரக் கட்டம் போடும் தருக்கக் கேள்விகளை வாய்மொழியாகச் சொல்லிப் பழகுவது அவசியம்.

தமிழ்நாட்டு மாணவர்களுக்கு ‘நான் முதல்வன்’ திட்டத்தின் கீழ், மதிப்பீட்டுத் தேர்வு மூலம் தேர்ந்தெடுக்கப்படும் 1,000 பேருக்கு முதல்நிலைத் தேர்வுத் தயாரிப்புக்காக மாதம் 7,500 ரூபாய் வீதம் பத்து மாதங்களுக்கு ஊக்கத்தொகை அறிவிக்கப்பட்டது. முதல்நிலையில் தேர்ச்சி பெற்றவர்களுக்கு முதன்மைத் தேர்வுக்காக 25,000 ரூபாய். இரண்டுமே 2023இல் வந்த அறிவிப்புகள். ஒவ்வோர் ஆண்டும் தனி அறிவிக்கை வரும். வயது, கல்வித் தகுதி, கடைசித் தேதி ஆகியவற்றை அந்தந்த ஆண்டின் அறிவிக்கையில் பார்த்து விண்ணப்பியுங்கள்.