கவ்வாத்து வெட்டிய மலை கணினிக்குத் தெரியாது

மலையகத்தில் வானிலை அறிவிப்பு பொய்த்தால் எல்லோரும் மேகத்தைத்தான் திட்டுகிறோம். வானிலையைக் கணிக்கும் கணினி மாதிரிகளோடு வேலை செய்கிற எனக்குச் சந்தேகம் முதலில் மண் மேல்தான் வரும்.

காற்றைக் கணிக்கும் நிரலோடு சேர்ந்து நிலத்துக்கென்று இன்னொரு நிரலும் ஓடுகிறது. வெயிலின் வெப்பத்தில் எந்தப் பங்கு மண்ணையும் காற்றையும் சுட வைக்கும், எந்தப் பங்கு தண்ணீரை நீராவியாக்கும் என்று பங்கு பிரிப்பது அதுதான். பரவலாகப் புழங்கும் நோவா என்ற நில மாதிரியில் 2 மீட்டர் மண்ணுக்கு நான்கே அடுக்கு. மார்ச், ஏப்ரல் பிற்பகல்களில் இடிமழை எங்கே கிளம்பும் என்பதில் இந்தப் பங்கீட்டுக்குப் பெரிய கை உண்டு.

இப்போது ஒரு தேயிலை மலையைப் பாருங்கள். சில வருடங்களுக்கு ஒருமுறை செடிகளின் கிளைகளைக் கழித்துக் கவ்வாத்து வெட்டுவார்கள். போன வாரம் பச்சையாக இருந்த இடத்தில் இந்த வாரம் குச்சியும் வெறும் மண்ணும். இலை வழியாக ஆவியாவது நின்றுபோய் பகலில் தரை கொதிக்கும். மாதிரிக்கு இது எதுவும் தெரியாது. அதன் நிலவரைபடம் பழைய செயற்கைக்கோள் படத்திலிருந்து வந்தது. தேயிலை என்ற வகையே அதில் பெரும்பாலும் கிடையாது. காடு என்றோ பயிர்நிலம் என்றோ போட்டிருக்கும்.

உயரமும் அப்படித்தான். உலக மாதிரிகள் நிலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கணக்கிடும்; ஒரு கட்டம் 9 முதல் 13 கிலோமீட்டர் அகலம். 1,868 மீட்டரில் இருக்கும் நுவரெலியாவும் 2,524 மீட்டர் பிதுருதலாகலையும் ஒரே சராசரிக்குள் போய்விடலாம். உயரம் 300 மீட்டர் பிசகினாலே வெப்பநிலை ஏறக்குறைய 2 பாகை தப்பும். குளிரில் தரையில் படியும் துகள் உறைபனியை மாதிரி எப்படிப் பிடிக்கும்?

செயற்கைக்கோளால் மண் ஈரத்தை அளக்கலாமே என்பார்கள். நாசாவின் ஸ்மாப் செயற்கைக்கோள் 2015 முதல் அளக்கிறது. ஆனால் மேல் 5 சென்டிமீட்டர் வரைதான். செங்குத்துச் சரிவிலும் அடர்ந்த செடியிலும் அதையும் நம்ப முடியாது. மண்சரிவுக்கோ ஆழத்து ஈரம் தெரிய வேண்டும். 2014 அக்டோபர் 29 அன்று மீரியபெத்தைத் தோட்டத்தில் மண்சரிந்து தொழிலாளர் லயங்கள் புதைந்ததை இங்கே யாரும் மறக்கவில்லை.

தோட்ட ஆபீசுகளில் தினமும் மழைமானி பார்த்து எழுதும் புத்தகம் இருக்கிறது, கவ்வாத்துப் பதிவும் இருக்கிறது. கட்டத்தை இன்னும் சிறிதாக்குவதைவிட இவற்றைக் கணினிக்குள் கொண்டுபோவது அதிகம் பயன்படும் என்பது என் கணிப்பு. பெரிய கணினி வாங்கும் பேச்சுக்குக் கூடுகிற கூட்டம் இதற்குக் கூடுவதில்லை, அது வேறு கதை.

அதுவரை சரிவில் குடியிருப்போர், நாளைக்குக் கொஞ்சம்தான் மழை என்று போன் காட்டுவதை மட்டும் நம்பாதீர்கள். கடந்த நாலைந்து நாள் மழையைத் தோட்டத்தில் கேட்டுக் கூட்டிப் பாருங்கள். சுவரிலோ நிலத்திலோ புது வெடிப்பு தெரிந்தாலோ ஊற்று திடீரென்று கலங்கி வந்தாலோ, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிவிப்பு வரட்டும் என்று காத்திராமல் பிள்ளைகளோடு வெளியேறிவிடுங்கள்.