பிரவுசர் – உலாவி

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் பக்கம் புது லேப்டாப் வாங்கும் நம்மவர்களைக் கவனித்துப் பாருங்கள், "அண்ணே, அப்படியே கூகலும் போட்டுக் கொடுத்துருங்க" என்பார்கள். கேட்பது குரோமை. கூகல் தேடுபொறி, குரோம் பிரவுசர்; இரண்டும் ஒரே நிறுவனத்துடையவை என்பதால் வந்த குழப்பம். எட்ஜ் என்ற மைக்ரோசாப்ட் பிரவுசரில் இருந்தபடியே கூகலில் தேடலாம், யாரும் தடுக்க மாட்டார்கள்.

இணையப் பக்கத்தைக் கொண்டுவந்து எழுத்தும் படமுமாகத் திரையில் காட்டும் மென்பொருள்தான் பிரவுசர். சொல்லின் பிறப்பில் ஆடுமாடு இருக்கிறது. பழைய பிரெஞ்சில் தளிரைக் குறித்த ஒரு சொல், ஆங்கிலத்துக்கு வந்து, தளிரை அங்கொரு வாய் இங்கொரு வாய் கடித்து மேய்வதற்குப் பெயராகி, அப்புறம் புத்தகத்தை மேலோட்டமாகப் புரட்டுவதற்கும் கடையில் சும்மா சாமான் பார்ப்பதற்கும் ஆகிவந்தது. நாமும் 'நெட்டில் மேய்ந்தேன்' என்கிறோமே! டிம் பெர்னர்ஸ் லீ 1990-ல் எழுதியதுதான் முதல் பிரவுசர். இணையத்தைப் பொதுமக்களிடம் கொண்டுபோனது 1993-ல் வந்த மொசைக்.

தமிழில் உலாவி. மேலோடி என்றும் சிலர் எழுதிப் பார்த்தார்கள், நிலைக்கவில்லை. 'உலாவுவது நாம்தானே, மென்பொருளா உலாவுகிறது?' என்று மடக்குபவர்கள் உண்டு. நகவெட்டி தானாகவா நகம் வெட்டுகிறது? செயலுக்கு உதவும் கருவிக்கு இகரம் போட்டுப் பெயர் வைப்பது நம் வழக்கம்தான், தாராளமாக எழுதலாம். மலாயில் இதையே பெலாயார் என்கிறார்கள், பாய்மரம் விரித்துக் கடலில் போகிறவர் என்று பொருள். அவர்களுக்குக் கடல், நமக்குத் தெரு.

சரி, எந்த உலாவி? குரோம், எட்ஜ், ஓபரா, பிரேவ் எல்லாம் குரோமியம் என்ற ஒரே அடித்தளத்தில் கட்டியவை (எட்ஜ் 2020-ல்தான் அதற்கு மாறியது), அதனால் ஒன்றில் சரியாகத் தெரியாத பக்கம் பெரும்பாலும் மற்றதிலும் அப்படியேதான் தெரியும். உள்ளே வேறு இயந்திரம் வைத்திருப்பவை பயர்பாக்ஸும், ஆப்பிள் கணினிகளில் வரும் சஃபாரியும். விண்டோஸ் லேப்டாப்பில் எட்ஜ் ஏற்கெனவே இருக்கும். கூடவே குரோமைப் போடுவதைவிட பயர்பாக்ஸைப் போடுவதே என் கட்சி, பேங்க் பக்கம் ஒன்றில் மக்கர் பண்ணினால் மற்றதில் திறந்து பார்க்கலாம். எதைப் போட்டாலும் செட்டிங்ஸில் போய் அதை இயல்பு உலாவியாக (டிஃபால்ட் பிரவுசர்) மாற்றிவிடுங்கள், இல்லையென்றால் மின்னஞ்சலில் வரும் இணைப்பைத் தட்டும்போதெல்லாம் பழையதே திறக்கும்.