அம்மாவுக்குத் தேவை தூக்க மாத்திரை அன்று

வெளிநாட்டிலிருந்து தொலைபேசியில் அழைத்த ஒரு மகன், "அம்மாவுக்கு இன்னும் கொஞ்சம் பவரான தூக்க மாத்திரையாக எழுதிக் கொடுங்கள் டாக்டர்" என்றார். இந்த மாதத்தில் இப்படிக் கேட்ட மூன்றாவது பிள்ளை அவர் என்பதால் இதை எழுத நேர்ந்தது.

அவருடைய தாயார் காரைக்குடிக்கு அருகில், முகப்பு முதல் இரண்டாம் கட்டு வரை நீளும் வீட்டில், பங்காளிகளின் அறைகளெல்லாம் பூட்டிக் கிடக்கத் தனியே வாழ்கிறார். கணவர் இறந்து 14 மாதங்களாகியும் மாலையில் இரண்டு டம்ளரில் காப்பி ஆற்றி, ஒன்றைக் கொல்லையில் கொட்டிவிடுகிறார். நகரத்தார் வீடுகளின் பிள்ளையார் நோன்பில் ஆண்டுதோறும் தவறாமல் இழை (மாவில் வைத்து ஏற்றிய நூல் திரி) எடுத்தவர், சென்ற நோன்புக்கு வெளியே வரவேயில்லை. ஆனால் என்னிடம் அவர் சொன்னது தலைசுற்றலையும் கால் எரிச்சலையும் மட்டுமே. (ஆச்சிமார் மனவலியை உடம்பின் மீது ஏற்றியே சொல்வார்கள், ஸ்கேனில் ஒன்றுமில்லை என்று அனுப்பிவிடும் சக மருத்துவர்களுக்கும் சேர்த்தே இதைச் சொல்கிறேன்.)

தூக்கமின்மை இங்கே நோயன்று, நோயின் அடையாளம். மாத்திரை துக்கத்தைக் கரைக்காது. சில வாரங்களில் உடம்பு அதற்குப் பழகிவிட, ஒன்று இரண்டாகும். பகலில் மந்தமும் மறதியும் வரும். இரவில் சிறுநீர் கழிக்க எழுபவர் வழுவழுப்பான ஆத்தங்குடித் தரையில் தள்ளாடி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்வார். பிறகு "அம்மாவுக்கு மறதி நோய்" என்று அழைத்து வருகிறீர்கள். அதற்காக இதைப் படித்ததும் மாத்திரையைச் சட்டென நிறுத்திவிடாதீர்கள். அதுவும் ஆபத்து, மருத்துவரே படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

முதல் சில மாதங்களின் அழுகைக்கு மருந்து வேண்டியதில்லை. ஓராண்டு கடந்தும் துக்கம் அன்றாட வாழ்வை முடக்கிப்போட்டால் சிகிச்சை தேவை, எழுபது வயதிலும் அது பலன் தரும். இரத்தப் பரிசோதனையில் தைராய்டு, வைட்டமின் பி12, சோடியம் ஆகியவற்றையும் பார்த்துவிடுங்கள்.

சிசிடிவி பொருத்தியதோடு கடமை முடிந்தது என்று எண்ணாதீர்கள். அம்மா விழுந்தாரா என்பதைக் கேமரா காட்டும். இன்று யாருடனாவது பேசினாரா என்பதைக் காட்டாது. நாள்தோறும் ஒரே நேரத்தில் அழையுங்கள். "சாப்பிட்டீர்களா, மாத்திரை போட்டீர்களா" என்பதோடு நிறுத்தாமல் அப்பாவைப் பற்றிப் பேச விடுங்கள், அழுதால் அழட்டும். கலியாண வீட்டில் அவரைப் பின்வரிசைக்குத் தள்ளாதீர்கள். "போய்ச் சேர்ந்தால் தேவலை" என்று சொன்னால் அதட்டாமல் அன்றைக்கே மருத்துவரிடம் அழைத்து வாருங்கள். அது முடியாத நேரத்தில், 24 மணி நேரமும் இயங்கும் அரசின் மனநல உதவி சேவையான டெலி மானஸ் எண் 14416 இருக்கிறது. முதியோர் உதவி எண் 14567.

வரும்போது அவர் விழுங்கும் மாத்திரைகள் அனைத்தையும் ஒரு பையில் போட்டுக் கொண்டு வாருங்கள். டிரைவரோடு அனுப்பிவிடாமல், ஒருமுறையாவது நீங்களே வந்து அவர் பக்கத்தில் உட்காருங்கள்.